வாரத்துக்கு எத்தனை மணி நேரம்

அலுவலகத்தில் எனக்குத் 'தமிழ் மேடம்' என்று பெயர் விழுந்ததற்கு நான் எந்தப் பாடும் படவில்லை. மலையாள ஊரான ஸ்ரீவராகத்தில் பிறந்தேன், வீட்டில் தமிழ் பேசினேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். தமிழில் சண்டை போடுவேன், சாமி கும்பிடுவேன். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். பத்திரிகையில் வரும் தொடர்கதைகளை எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிக்கவே பழகினேன். ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில் பல்கலைக்கழகத்தில் சமநிலைச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவுக்கு என்னை மாற்றியபோது, தமிழ்நாட்டிலிருந்து வரும் கோப்புகள் எல்லாம் தாமாகவே என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கோப்புகளில் தமிழ்ப் பாடத்தைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதை நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் காது கொடுக்கவில்லை. அந்த ஊர்க் காகிதம் அந்த ஊர் ஆளுக்குத்தான் புரியும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சமநிலைச் சான்றிதழ் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய ஒருவர் இங்கே மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகவேண்டுமானால், அந்தப் பட்டம் இங்குள்ள இன்ன பட்டத்துக்குச் சமம் என்று எங்கள் அலுவலகம் எழுதிக் கொடுக்கவேண்டும். எப்படிச் சமம் என்று கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு அட்டவணை உண்டு. இடது பக்கம் நம்முடைய பாடம், வலது பக்கம் அவர்களுடைய பாடம். தாள்களின் பெயர், மதிப்பெண், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். அதைப் பூர்த்தி செய்வது என் வேலை. பிறகு அது அந்தப் பாடத்தின் நிபுணருக்குப் போகும். நிபுணர் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்து முடிவு சொல்வார் என்பது விதி. பாடத்திட்டத்தைக் கட்டிய நூல் கட்டியபடியே திரும்பி வரும் என்பது அனுபவம். அவர் பார்ப்பது என் அட்டவணையை மட்டும்தான்.

இது எனக்கு ஆரம்பத்தில் பயமாக இருந்தது. நான் படித்தது வரலாறு. இங்குள்ள வேதியியலும் அங்குள்ள வேதியியலும் சமமா என்று நான் யார் சொல்வதற்கு? பிரிவு அதிகாரியிடம் ஒருமுறை கேட்டேன். நல்ல மனிதர், எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். "டேபிள் சரியாணெங்கில் பின்னெ எந்தா?" என்றார். அட்டவணை சரியாக இருந்தால் அப்புறம் என்ன. நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

அவள் வந்தது ஒரு ஆடி மாதத்து மழை நாளில். விதுராவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளிகள். சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டு, அதைச் சேலைத் தலைப்புக்குள் பிடித்திருந்தாள். ஆள் முழுக்க நனைந்திருந்தாள், காகிதம் நனையவில்லை. பக்கத்து மேஜைக்காரியிடம் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததில் என் மலையாளத்தின் இழுவையைக் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

"மேடம் தமிழா?" என்றாள். ஆமாம் என்றதும் அடுத்த வாக்கியத்திலேயே நான் அக்கா ஆகிவிட்டேன்.

நாகர்கோவில் பக்கம் மாமா வீட்டில் தங்கி கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். நல்ல மதிப்பெண். நகரத்தில் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பி.எட். இடம் கிடைத்திருந்தது, ஆனால் தற்காலிகமாக. ஓணம் விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் அன்று சமநிலைச் சான்றிதழைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். விதுராவில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகவேண்டும், அதுதான் ஆசை. ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. தாராளமாகக் கிடைத்துவிடும், கவலைப்படாதே என்று சொன்னேன். அன்று நான் சொன்னதில் பொய் இல்லை.

ரசீது போட நேரமானதால் அவளை உள்ளே ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். எங்கள் டைப்பிஸ்ட், நாற்பது வயதுக்காரி, பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கணக்கு நாலு நாளாக அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் பதினைந்து நாளில் செய்யும் வேலையைப் பத்துப் பேர் எத்தனை நாளில் செய்வார்கள். அவளுக்குப் பதினெட்டு வருகிறது, புத்தகத்தில் விடை பதினாறு. புத்தகம் தப்பு என்ற முடிவுக்கு வந்து, பிரிவு முழுவதற்கும் அதை அறிவித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் மெதுவாக எழுந்து போய்ப் புத்தகத்தைப் பார்த்தாள். கேள்வியின் கடைசி வரியில் முதல் கூட்டம் தினம் எட்டு மணி நேரம், இரண்டாவது கூட்டம் ஒன்பது மணி நேரம் என்று இருந்தது. டைப்பிஸ்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டு, மலையாளத்தில், அவசரமில்லாமல் சொல்லிக் கொடுத்தாள். நாள் என்று சொன்னால் போதாது, ஒரு நாளில் எத்தனை மணிக்கூர் என்று முதலில் கேட்கவேண்டும், எல்லாருடைய நாளும் ஒன்றல்ல. ஐந்து நிமிடத்தில் டைப்பிஸ்டுக்கு விளங்கிவிட்டது. அதைவிட ஆச்சரியம், கணக்கென்றால் காத தூரம் ஓடும் எனக்கும் விளங்கிவிட்டது. டீச்சராக இவளுக்கு எதற்கடா பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கவரை டைப்பிஸ்ட் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவளுடைய அட்டவணையை எடுத்தேன். இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. மூன்றாம் ஆண்டில் முக்கியப் பாடத்துக்கு நம்மிடம் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம். அவளுடைய பாடத்திட்டத்தில் பதினெட்டு என்று இருந்தது. வேறு யாராக இருந்தாலும் பதினெட்டு என்று எழுதிவிட்டுக் கேன்டீனுக்குப் போயிருப்பார்கள். ஆனால் நான் தமிழ் மேடம் அல்லவா! பதினெட்டுக்குப் பக்கத்தில் 'ஒரு சுற்றுக்கு' என்று போட்டிருந்தது என் கண்ணில் பட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியும். என் சித்தி மகள் அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தாள். அங்கே திங்கள் செவ்வாய் என்று கால அட்டவணை கிடையாது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறாம் நாள் வரைக்கும் ஒரு சுற்று. நடுவில் புதன்கிழமை லீவு வந்தால் வியாழக்கிழமை மூன்றாம் நாளாகிவிடும். வாரத்தில் ஐந்து நாள்தான் கல்லூரி, சனிக்கிழமை விடுமுறை. அப்படியென்றால் ஒரு சுற்று முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

ஆறு நாளுக்குப் பதினெட்டு என்றால் ஐந்து நாளுக்குப் பதினைந்து. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றே சொல்லவேண்டும். இந்தக் கட்டடத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாத விஷயம் எனக்குத் தெரிந்திருக்கிறது! வலது பக்கக் கட்டத்தில் பதினைந்து என்று எழுதினேன். கீழே சின்ன எழுத்தில், அங்குள்ள நடைமுறைப்படி வாரக் கணக்குக்கு மாற்றப்பட்டது என்று ஒரு குறிப்பும் போட்டேன். பிரிவு அதிகாரி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு என்னை மெச்சினார். இவ்வளவு நுணுக்கமாக யாரும் பார்த்ததில்லை என்றார். அன்று சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வழக்கமில்லாத வழக்கமாக வீட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன்.

கோப்பு பத்து நாளில் திரும்பி வந்தது. முக்கியப் பாடத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் குறைவு, ஆகவே சமமல்ல என்று நிபுணர் எழுதியிருந்தார். பாடத்திட்டம் நூல் அவிழாமல் இருந்தது.

நான் தப்பாக ஒன்றும் எழுதவில்லையே. உள்ளதைத்தானே எழுதினேன்? ஆனால் உள்ளதை எழுதாமல் காப்பியடித்திருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கும். அதற்கு முந்தின மாதம் ஒருவருடைய கோப்பை நான் அரைத் தூக்கத்தில் பூர்த்தி செய்தேன்; அவர் மதிப்பெண் பட்டியலில் பாதிக்கு மேல் மறு தேர்வு. மணி நேரம் பொருந்தியது, சமமாகிவிட்டார். இவள் ஆகவில்லை. எங்கேயோ இடிக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. கடிதத்தை டைப் அடிக்கக் கொடுத்தேன். அடிக்கும்போது டைப்பிஸ்ட் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தபால் மலை ஏற நாலு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் காலை அவள் என் மேஜைக்கு முன்னால் நின்றாள். கடிதத்தை நீட்டினாள். அழவில்லை. எனக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஒரு மணிக்கூர் குறைவுன்னு எழுதியிருக்கு அக்கா. எங்க காலேஜில சனிக்கிழமையும் கிளாஸ் உண்டே. ஆறு நாளும் உண்டு. பின்னெ எப்படிக் குறையும்?"

அவளுடைய கல்லூரிக்குச் சனிக்கிழமை விடுமுறை இல்லை. என் சித்தி மகளுடைய கல்லூரிக்கு இருந்தது. இரண்டும் ஒரே பல்கலைக்கழகம், பஸ்ஸில் போனால் அரை மணி தூரம். எனக்குத் தெரிந்தது ஒரு கல்லூரி. நான் எழுதியது அந்தப் பக்கம் முழுவதையும் பற்றி. அந்தப் பக்கம் எனக்குத் தெரியும், நான் அந்த ஆட்களில் ஒருத்தி என்ற திமிர்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? எக்ஸ்பர்ட் அப்படி எழுதிவிட்டார் என்றேன். அவர்களுக்கு அந்த ஊர்ப் பழக்கம் எங்கே தெரியப்போகிறது என்று கூடவே சேர்த்துக்கொண்டேன். அவள் தலையாட்டினாள். பிறகு, அக்காவாவது இங்கே இருக்கிறீர்களே என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தை என் பிரிவில் இருந்தவர்கள் ரொம்ப நாள் கேலி செய்தார்கள். மறு பரிசீலனைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கல்லூரி முதல்வரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார் பிரிவு அதிகாரி. அவள் அன்றைக்கே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, மறுநாள் மதியம் கடிதத்தோடு வந்தாள். வாரத்தில் ஆறு நாள் வகுப்பு நடக்கிறது, சுற்றும் வாரமும் ஒன்றே என்று முதல்வர் எழுதியிருந்தார். நிபுணரோ விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வடக்கே போயிருந்தார். அவர் வந்த அன்று ஓணம் விடுமுறை தொடங்கியது. அலுவலகம் பூட்டு. நகரம் முழுக்க விளக்கு, பாட்டு, கூட்டம். நான் வீட்டில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக் கல்லூரி திறந்த நாளும் எங்கள் அலுவலகம் திறந்த நாளும் ஒன்றே. அன்று காலை பத்து மணிக்கு அவள் அங்கே வெறுங்கையோடு நின்றாள். பதினோரு மணிக்கு அடுத்த பெயரை அழைத்தார்கள்.

மூன்றாம் நாள் சான்றிதழ் தயாரானது. மேற்படி பட்டம் இப்பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குச் சமமானது. அதே பெண், அதே மதிப்பெண், அதே பாடத்திட்டம். ஆவணி முதல் வாரத்தில் சமமில்லை, ஓணம் கழிந்ததும் சமம். நடுவில் அவள் படித்ததில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அவள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். உங்களால்தான் இதுவாவது கிடைத்தது என்றாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டுக் கோப்பு வந்தால், அட்டவணை போடுவதற்கு முன்னால் விண்ணப்பதாரருக்கு ஒரு தபால் அட்டை: உங்கள் கல்லூரியில் சனிக்கிழமை வகுப்பு உண்டா? என் கைக்காசில் அட்டை. பதில் வராமல் கோப்பைத் தொடமாட்டேன். தமிழ் மேடம் போய் 'சனிக்கிழமை மேடம்' ஆனேன்.

வருடங்கள் போயின. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்தது, பிறகு பயிற்சி வகுப்புகள் வந்தன. ஒரு வகுப்பில் டெல்லியிலிருந்து வந்த ஒருவர் திரையில் ஒரு ஏணிப் படம் காட்டினார். நாடு முழுவதுக்கும் ஒரே தகுதிக் கட்டமைப்பு வரவேண்டும். சில நாடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். உங்களுடைய அட்டவணைகளுக்கெல்லாம் வேலை இருக்காது என்றார். எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தார் என்பதல்ல, படித்து முடித்தவரால் என்ன செய்யமுடியும் என்பதுதான் அளவு என்றும் சொன்னார். டைப்பிஸ்டின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மஞ்சளாகிப்போன அந்தக் கவர் ஞாபகம் வந்தது. இவ்வளவு காலம் எங்கே அய்யா இருந்தீர் என்று எழுந்து கேட்கலாம் போலிருந்தது.

அடுத்த படத்தில் ஒரு கிரெடிட் என்பது இத்தனை மணி நேரம் என்று போட்டார். எனக்கு மறுபடி குழம்பிவிட்டது. கை தூக்கினேன். சனிக்கிழமை வகுப்பு உள்ள கல்லூரியும் இல்லாத கல்லூரியும் இந்த ஏணியில் எப்படி நிற்கும் என்று கேட்டேன். பின் வரிசையில் என் பிரிவுக்காரர்கள் சிரிப்பை அடக்குவது கேட்டது. அதையெல்லாம் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். சிஸ்டத்துக்கு யார் சொல்வார்கள் என்று கேட்பதற்குள் டீ வந்துவிட்டது. அவர் சொன்னது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமாகத் தெரியாது. நல்லதாகத்தான் இருக்கவேண்டும். அட்டவணை போட்டவளே ஏணியைப் பழித்தால் நன்றாக இருக்காது.

அந்த வருடக் கோடையில் குடும்பத்தோடு பொன்முடி போனோம். விதுராவில் பஸ் டீக்கு நின்றது. சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம், வெளியே ஒரு பேரலல் காலேஜ் பலகை. கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் தனியாகப் பரீட்சை எழுதப் படிக்கும் இடம் அது. உள்ளேயிருந்து ஒரு குரல் மலையாளத்தில், அவசரமில்லாமல், ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே அந்தப் பக்கம் நடந்தேன். மணி அடித்ததும் கைகளில் சாக்பீஸ் தூளோடு அவள் வெளியே வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், முன் நெற்றியில் இரண்டு நரை. என்னை உடனே தெரிந்துகொண்டுவிட்டாள்.

பி.எட். சேரவில்லை. அடுத்த வருடம் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, அதற்கு அடுத்த வருடம் கல்யாணம், பிறகு வயது தாண்டிவிட்டது. பயிற்சி இல்லாததால் பள்ளியில் எடுக்கமாட்டார்கள், இங்கே கேட்கமாட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிறகு கூட வந்த இன்னொரு டீச்சரிடம் என்னைக் காட்டி, யூனிவர்சிட்டியில் எனக்காக ஓடி நடந்த அக்கா இவங்கதான் என்றாள். அந்த டீச்சர் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. அந்த டீச்சர் நகரும் வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"அந்தப் பதினஞ்சை எழுதினது நான்தான். எக்ஸ்பர்ட் இல்ல. என் சித்தி பொண்ணு காலேஜில சனிக்கிழமை லீவு, அத வெச்சு நானா கணக்குப் போட்டேன்."

அவள் கையிலிருந்த தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டட்டும் என்று நின்றேன்.

"நான் முதல்ல வந்த அன்னைக்கு உங்க பக்கத்துல ஸ்டூலிலதானே அக்கா ஒரு மணிக்கூர் இருந்தேன்," என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பொன்முடி போய்ச் சேரும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்தேன். அவள் கோப்பைப் பற்றி அவளிடமே கேட்கலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தேன் என்பது மேலே போய் இறங்கியபோதுதான் தெரிந்தது.